கொமாண்டர் அழுத நாள்

எங்கள் பராமரிப்புப் பணியாளர் ஒன்றியம் ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடும். அதில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கி, இளையவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரும்படி கேட்பார்கள். போன வருடம் எழுதியவர், முதுகு வலிக்காமல் ஆளைத் தூக்குவது எப்படி என்று விளக்கியிருந்தார். மிகவும் பயனுள்ள கட்டுரை. அதைக் குனிந்திருந்து வாசித்து முடித்து எழும்பியபோது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

இந்த முறை என்னைப் பிடித்தவள் தர்சினி. இங்கே சுவிசில் பிறந்து, இங்கேயே தாதிப் படிப்பை முடித்து, சூக் நகரில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த அதே முதியோர் இல்லத்தில் இப்போது ஒரு தளத்துக்குப் பொறுப்பாக இருக்கிற பிள்ளை.

"அங்கிள், நீங்கள் றிப்போட் எழுதினதைப் பற்றி எழுதுங்கோ. எங்களுக்கு இப்ப டப்லெட் திரையில சரி போடுறது மட்டும்தானே. சாப்பிட்டவர், சரி. நித்திரை கொண்டவர், சரி. நீங்கள் வசனம் வசனமா எழுதுவீங்களாம்."

"ஓம் பிள்ளை, எழுதினனாங்கள்தான்."

"அதிலயும் நீங்கள் எழுதினது ஒரு புத்தகத்திலயே வந்திருக்கு!"

அதுதான் வினை. கையால் எழுதும் முறை போய்விட்டதே என்று கவலைப்படுகிற சக ஓய்வாளர்கள் எனக்கு உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தக் காலத்திலேயே என் கையில் ஒரு டப்லெட்டைத் தந்து சரி மட்டும் போடச் சொல்லியிருந்தால், ஓர் ஊர் இரண்டுபட்டு நின்று சண்டை பிடித்திருக்காது. நானும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர் மண்டபத்தில் முந்நூறு சுவிஸ்காரருக்கு முன்னால் ஷாம்புவைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளமானது, சுவையற்றது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். இங்கே வந்து முதலில் உணவகத்தில் சட்டி கழுவினேன். கழுவிய சட்டியைச் சமையற்காரர் என்னிடமே திருப்பித் தருவது வழக்கமாகிவிட்டதால், ஆட்களைக் கழுவினால் அப்படித் திருப்பித் தரமாட்டார்கள் என்று நினைத்து, ஆறு மாத வகுப்புக்குப் போய்ப் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ் எடுத்தேன். டீட்டிகோனில் அறை, சூக்கில் வேலை, இடையில் ரயிலில் டொச் எனப்படும் ஜேர்மன் மொழியின் இலக்கணம். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

உண்மையான பயிற்சி சிஸ்டர் றூத்திடம் தொடங்கியது. எங்கள் தளத்தின் பொறுப்பாளர். மெலிந்த, உயரமான பெண். வெள்ளை உடுப்பின் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். ஒவ்வொரு வேலைமுறை முடிவிலும் நாங்கள் பொறுப்பாயிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். அதைச் சிஸ்டர் றூத் நின்றபடியே வாசிப்பார். அவர் உட்கார்ந்து வாசித்தால் அந்தத் தாளில் ஏதோ பிழை என்று அர்த்தம்.

என் முதல் தாளையே அவர் உட்கார்ந்துதான் வாசித்தார். அதில் நான் ஒரு மூதாட்டியைப் பற்றி, 'இன்று மிகவும் கவலையாக இருந்தார்' என்று எழுதியிருந்தேன்.

"ஹெர் சிவா, இந்தக் கவலையை எங்கே பார்த்தீர்கள்?"

"முகத்தில்."

"முகத்தில் என்ன பார்த்தீர்கள்?"

நான் என் முகத்தைத் தடவிப் பார்த்தேன்.

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

போனேன். திரும்பி வந்து, சூப் அரைவாசி மிச்சம், வாயை முழுதாகத் திறக்கவில்லை, இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார் என்றேன். "அதை எழுதுங்கள்" என்றார். பின்னேரம் பல் வைத்தியர் வந்து பார்த்தார். பொய்ப்பல்லுக்குக் கீழே பெரிய புண். நான் எழுதிய கவலையை நம்பியிருந்தால் அந்த மனுசிக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள்.

சிஸ்டர் றூத்தின் சட்டங்கள் மூன்று. முதலாவது, எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆளை மாற்றி எழுதினால் மருந்தும் மாறிப் போகும். இரண்டாவது, கண்டது, கேட்டது, மணந்தது மட்டும். மூன்றாவது, பிழைவிட்டால் அழிக்கவோ வெள்ளை பூசவோ கூடாது. பிழையின் மேல் ஒரேயொரு கோடு, அதுவும் பிழை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே சரியான சொல், பக்கத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்து, தேதி.

இந்த இரண்டாவது சட்டம்தான் எனக்குத் தொண்டையில் முள். ஏனென்றால் எனக்கு இன்னொரு தொழில் இருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி, படத்தோடு சிறு புத்தகமாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று சொல்வது. சூரிச் முதல் பேர்ண் வரை நான் எழுதிய கல்வெட்டுகள் பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. கல்வெட்டில் கெட்டவர்கள் சாவதில்லை. வாழ்நாள் முழுதும் தம்பியோடு பேசாமல் இருந்த ஒருவரை 'உடன்பிறப்புகளின் உயிர்' என்று எழுதினேன். அதைத் தம்பியே வாசித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது.

அந்த வீங்கிய தலையோடு இருந்தபோதுதான் கொமாண்டர் எங்கள் தளத்துக்கு வந்தார்.

அவர் பெயரை மாற்றி லோறன் என்று எழுதுகிறேன். நாட்டையும் சொல்லப்போவதில்லை. உலகப் போரில் ஒரு பெரிய நாட்டின் குண்டுவீச்சு விமானங்களுக்குக் கட்டளையிட்டவர். போர் முடிந்ததும் இந்த ஏரிக்கரைக்கு வந்து, பெரிய வளவு வாங்கி, ரோஜா வளர்த்தார். அவர் இல்லாவிட்டால் போர் இன்னும் நீண்டு இன்னும் பலர் செத்திருப்பார்கள் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். சனம் படுத்துக் கிடந்த நகரங்களைத் தெரிந்துகொண்டே எரித்தவர் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அவருடைய பிறந்தநாளுக்கு இரண்டு தரப்பும் தவறாமல் கடிதம் போடும். அவருக்கு விரல் மடங்காது, ஆகவே உறையைக் கிழித்து வாசிப்பது என் வேலை. ஒன்று மாவீரனே என்று தொடங்கும், அடுத்தது கொலைகாரனே என்று தொடங்கும். இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுவிட்டு "அடுத்தது" என்பார். எண்பத்தெட்டு வயது. நிமிர்ந்த முதுகு. வளவை அவர் ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால், ஊர் அதைப் பூங்காவாக்கி அவர் பெயரை வைத்திருந்தது.

என்னை அவருக்குப் பொறுப்பாகப் போடுமுன் சிஸ்டர் றூத் அழைத்தார்.

"உங்கள் ஊரில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இதில் உங்களுக்குச் சிரமம் இருந்தால் சொல்லுங்கள்."

"சிரமம் இல்லை" என்றேன். சொன்னவன் நானல்ல, என் பி பெர்மிட் விண்ணப்பம், அதாவது வதிவிட அனுமதி கேட்டுக் கொடுத்தது. அது அதிகாரிகளின் மேசையில் கிடந்தது. அதனோடு வேலை இடத்திலிருந்து ஒரு நல்ல கடிதமும் போக வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் என்னை ஒரு முதலைக்குப் பல் தீட்டச் சொல்லியிருந்தாலும் சிரமம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தா. எங்கள் வீட்டு ஒழுங்கையில் விழுந்த குண்டில் அவவின் வலது காது போய்விட்டது. தொலைபேசியை எப்போதும் இடது காதில்தான் பிடிப்பா. நான் புது வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"ஆரைக் குளிப்பாட்டுறாய்?"

"பொம்மர்காரர் அம்மா. குண்டு போட்ட படைக்குப் பெரியவர்."

"எங்களுக்குப் போட்டவரோ?"

"இல்லை அம்மா. வேற நாடு. வேற சண்டை. கிழவர்."

பிறகு அம்மா கேட்டா:

"சுடுதண்ணியோ?"

"ஓம்."

"சூடு பாத்து ஊத்து."

அந்தத் தளத்தில் கொமாண்டருக்கு முன்னரே ஒருவர் இருந்தார். ஃபிராவ் மெட்லர். சிறு உருவம், எழுபது தாண்டிய பெண். எரிந்த நகரமொன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் அந்த நெருப்பிலிருந்து தனியே வெளியே வந்தவர், பின்னால் யாரும் வரவில்லை. ஒரு சுவிஸ்காரரை மணந்து இங்கே வந்தார். கொமாண்டர் முதல் நாள் சாப்பாட்டு அறைக்குள் வந்ததும், ஃபிராவ் மெட்லர் எழுந்து, தன் கதிரையைத் தூக்கித் திருப்பி வைத்து, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அடுத்த வேளையும் அப்படியே. சுவரைப் பார்த்தபடி, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். இதைச் சிஸ்டர் றூத் தாளில் எழுதியது எனக்கு இன்றைக்கும் பாடம்: 'கதிரையைத் திருப்புகிறார். நன்றாகச் சாப்பிடுகிறார்.'

ஒவ்வொரு காலையும் நான் படுக்கை விரிக்கும்போது ஃபிராவ் மெட்லர் என்னைக் கேட்பார்: "அவன் ஏதாவது சொன்னானா?"

"இல்லை, ஃபிராவ் மெட்லர்."

மாதக்கணக்காக அதே கேள்வி, அதே பதில். அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். கிழவர் ஒருநாள் வாய் திறந்து, செய்தது பிழை என்று சொல்வார் என்று நான் ஆசைப்பட்டேன். எங்களுக்குப் போட்டவன் சொல்லப்போவதில்லை. அவன் யார், எங்கே என்றே தெரியாது. இவராவது சொன்னால் என்ன என்று இருந்தது.

இனிக் குளியலறை.

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி. தொட்டியில் தண்ணீர், சூட்டை மானி பார்த்தபின் முழங்கையாலும் பார்ப்பேன். அம்மாவின் உத்தரவு. ஆளை ஓர் இருக்கையில் உட்கார வைத்து இடுப்புப் பட்டி போட்டு, பொத்தானை அழுத்தினால் இருக்கை மேலெழும்பித் தொட்டிக்கு மேலே வரும், பிறகு இறங்கும். ஆள் இருக்கையில் இருக்கும்வரை உங்கள் ஒரு கை அவர் தோளில் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது. இது சிஸ்டர் றூத்தின் சட்டமல்ல, இந்த நாட்டில் எல்லா இல்லத்துக்கும் உள்ள சட்டம். எடுத்தால் வேலை போகும். தலைக்கு ஷாம்பு போடும்போது நெற்றியில் ஒரு துணியை மடித்துப் பிடிக்க வேண்டும். இருக்கையின் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், விரல் மடங்காதவரும் மணிக்கட்டை மாட்டி இழுக்க நுனியில் ஒரு வளையம். இழுத்தால் தாதியர் அறையில் மணி அடிக்கும்.

கொமாண்டருக்கு யன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். பனி கொட்டினாலும் திறந்திருக்க வேண்டும். வானம் தெரியாமல் அவர் குளிக்கமாட்டார். நான் குளிரில் நடுங்குவேன், அவர் சூட்டில் இருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் இருக்கையில் மேலே இருந்தார். தலை முழுக்க ஷாம்பு நுரை. என் வலது கை தோளில், இடது கையில் ஷவர். அப்போது இராணுவ விமானங்கள் இரண்டு பயிற்சிக்காக ஏரிக்கு மேலால் தாழப் பறந்து வந்தன. இங்கே அது வழக்கம்தான். சுவிஸ் விமானம் குண்டு போடாது என்று எனக்குத் தெரியும், எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அந்த யன்னல் திறந்திருந்தது. சத்தம் நேரே உள்ளே வந்தது. எனக்கு இந்த நாட்டில் இருக்கத் தற்காலிக அனுமதியாவது கிடைத்திருந்தது, என் காதுகளுக்குக் கிடைத்திருக்கவில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் கைகழுவும் தொட்டிக்குக் கீழே குப்புறக் கிடக்கிறேன். இரண்டு கையும் காதில். எங்கள் ஊரில் அப்படித்தான் படுக்கப் பழக்கியிருந்தார்கள், வயிறு நிலத்தில் படாமல் முழங்கையில் ஊன்றி. முப்பத்திரண்டு வயது ஆள், வெள்ளை உடுப்பு, மார்பில் பெயர்ப்பட்டி. ஷவர் நிலத்தில் விழுந்து பாம்பு போலச் சுழன்று என்னைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது. மேலே, நடு வானத்தில் விட்ட மாதிரி, ஒரு விமானப்படைத் தளபதி இருக்கையில் தொங்கிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. அவர் சத்தம் போடவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"எந்த நாடு?"

"இலங்கை. யாழ்ப்பாணம்."

"என்ன விமானம்?"

"நாங்கள் சகடை என்று சொல்வது" என்றேன் தொட்டிக்குக் கீழே இருந்தபடி. அவருக்கு எப்படி விளங்கியிருக்கும்?

"இயந்திரம் எத்தனை?"

"இரண்டு."

"உயரம்?"

எனக்கு மீற்றர் வரவில்லை. "நூறு பனை" என்றேன்.

அவர் கணக்குப் பார்த்தார். தலையைத் தூக்கிப் பார்த்தேன், உதடு அசைந்தது. "அந்த உயரத்தில் இருந்து வீடு எது, ஆள் எது என்று ஒன்றும் தெரியாது" என்றார். தொழிலாளி ஒருவன் இன்னொருவன் செய்த வேலையைப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"எங்களுக்கு விமானம் தெரியும்" என்றேன்.

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "ஹெர் சிவா, என் கண் எரிகிறது" என்றார்.

பாய்ந்து எழும்பினேன். ஷாம்பு முழுக்க அவர் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. சிவப்புக் கயிறு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அதை அவர் இழுத்திருக்கவில்லை. நல்ல தண்ணீரால் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன். கதவு திறந்தது. சிஸ்டர் றூத் தன் சுற்று நேரத்துக்கு வந்து நின்றார்.

கொமாண்டரின் கண்கள் மிளகாய்ப் பழம் மாதிரி. நீர் வழிகிறது. நான் ஈரக்கோழி.

"என்ன நடந்தது?"

என் பி பெர்மிட் மேசையில் இருந்து எழுந்து வந்து என் முன்னால் நின்றது. வாய் தானாகச் சொன்னது:

"அழுதவர். போரைப் பற்றிக் கதைத்தவர். அழுதவர்."

சிஸ்டர் றூத் கிழவரைப் பார்த்தார். "ஹெர் லோறன், அப்படியா?"

தான் அழுததாக உலகத்தில் எவரையும் சொல்ல விட்டிருக்காத மனிதர் அவர். என்னைப் பார்த்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"யன்னலை மூடுங்கள்" என்றார்.

சிஸ்டர் றூத் மூடினார். அன்றைக்குப் பிறகு அந்தக் குளியலறையின் யன்னலைத் திறக்கும்படி அவர் கேட்கவேயில்லை.

பின்னேரம் தாளில் எழுதினேன்: 'போரைப் பற்றிப் பேசி அழுதார்.' சிஸ்டர் றூத் உட்கார்ந்து வாசித்தார். சிவப்புப் பென்சிலால் பக்கத்தில் 'பார்த்தீர்களா?' என்று எழுதி, என்னை நிமிர்ந்து பார்த்தார். "பார்த்தது. இரண்டு கண்" என்றேன். பொய்யென்று சொல்ல முடியாது. இரண்டு கண்ணிலும் நீர் வந்தது உண்மை.

அடுத்த நாள் காலை ஃபிராவ் மெட்லர் கேட்டார்: "அவன் ஏதாவது சொன்னானா?"

இந்த இடத்தில் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் தாளில் கிடந்த பொய் தாளோடு மக்கிப் போயிருக்கும். நான் தலையணை உறையைப் பிடித்தபடி, "அழுதவர்" என்றேன். அந்த மனுசி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைக் கண்டதும் என்னுள் இருந்த கல்வெட்டு எழுத்தாளன் விழித்துக்கொண்டான். "உங்கள் நகரத்தின் பெயரைச் சொன்னவர்" என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஃபிராவ் மெட்லர் எழுந்து கதிரையைத் திருப்பினார். முதல் தடவையாகக் கொமாண்டரைப் பார்த்து உட்கார்ந்தார். அவரோடு பேசவில்லை. சூப்பை மேசையில் வைத்துக் குடித்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, குசினிக்குப் போய் இரண்டு கேக்குத் துண்டு தின்றேன்.

சில வாரங்களில் கொமாண்டர் இறந்தார். எங்கள் இல்லத்தில் ஒரு நினைவுப் புத்தகம் உண்டு. ஒருவர் இறந்தால் மெழுகுதிரி ஏற்றி, அவருக்குப் பொறுப்பாயிருந்தவர் ஒரு பக்கம் எழுத வேண்டும். மூன்று வரி போதும் என்றார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். 'ஹெர் லோறன் தாம் எரித்த நகரங்களை நினைத்துக் குழந்தை போல அழுதார். ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேம்பினார்.' டொச் இலக்கணம் எல்லாப் பக்கமும் உடைந்திருந்தது. அதனால்தான் எல்லோரும் அதை நம்பினார்கள் போலும். ஃபிராவ் மெட்லர் பூதக்கண்ணாடியால் வாசித்துவிட்டு, ஒரு பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார்.

பி பெர்மிட் வந்தது. கடிதத்தில் சிஸ்டர் றூத், 'நம்பகமானவர்' என்று எழுதியிருந்தார்.

வருடங்கள் ஓடின. நான் ஓய்வு பெற்றேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சரித்திர ஆய்வாளர் கொமாண்டரைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். கடைசி அத்தியாயத்தில் என் இரண்டு பக்கமும் இருந்தது. 'தமிழ்ப் பராமரிப்பாளர் ஒருவரின் சாட்சியம்.' பத்திரிகையிலும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல. பத்திரிகையை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோயிலில் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் பத்துப் பேருக்காவது காட்டினேன்.

பிறகு இளையவர்கள் சிலர், பூங்காவிலிருந்து அவர் பெயரை எடுக்க வேண்டுமென்று கையெழுத்துச் சேர்த்தார்கள். மற்றத் தரப்பு என் பக்கங்களைத் தூக்கிப் பிடித்தது: அவர் மனம் வருந்தியவர், பெயர் இருக்கட்டும். ஊர்ச்சபை கூட்டம் வைத்து என்னைப் பேச அழைத்தது. இந்த மலருக்கு என்னை ஏற்கெனவே பிடித்திருந்த தர்சினிதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள்.

"பயப்பிடாதேங்கோ அங்கிள். நீங்கள் பாத்ததைச் சொன்னால் சரி."

"அதுதான் பிள்ளை பயமா இருக்கு" என்றேன். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

வாசலில் ஒரு வயதான பெண் என்னை நோக்கி வந்தார். ஃபிராவ் மெட்லரின் மகள் உர்சுலா. இங்கத்தைய முறைப்படி கன்னத்தில் மூன்று முத்தம் தந்தார். "அம்மா சாகும்வரை இந்தத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். அவர் நிம்மதியாகப் போனது உங்களால்" என்றார். கையில் அந்தப் பிரதி, மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுப்பட்டி போட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டுமென்று பேச வந்தவர்களில் அவர் பேச்சுத்தான் கனமானது என்றும் அறிந்தேன். எரிந்த நகரத்தின் மகளே மன்னித்துவிட்டபின் யார் என்ன சொல்ல முடியும்?

அப்போதே திரும்பி ரயிலைப் பிடித்திருக்கலாம். அதற்கும் தைரியம் வேண்டும், என்னிடம் இருக்கவில்லை. மேடையில் ஏறினேன். எழுதிக்கொண்டு போன பேச்சு அருமையான பேச்சு, கல்வெட்டு நடை. முதல் வரியிலேயே உர்சுலாவின் மடியில் இருந்த தாள் கண்ணில் பட்டது. பேச்சை மடித்துப் பையில் வைத்தேன்.

"அது ஷாம்பு" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விமானம், கைகழுவும் தொட்டி, நூறு பனை, சிவப்புக் கயிறு, யன்னல். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒருவர் எழுந்து, "இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினார். "முதலில் பெர்மிட், பிறகு பெருமை" என்றேன். பெயரை எடுக்க வேண்டுமென்ற தரப்பில் ஓர் இளைஞர், "ஆக, அவர் மனம் வருந்தவில்லை, நன்றி" என்றார். "அதையும் நான் பார்க்கவில்லை. கயிற்றை இழுக்காததைப் பார்த்தேன். நான் பொய் சொன்னபோது பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்" என்றேன். இரண்டு தரப்புக்கும் நான் பிரயோசனமற்றவனாகிவிட்டேன்.

உர்சுலா எழுந்தார்.

"எங்கள் அம்மாவின் நகரத்தின் பெயர்?"

"அவர் சொல்லவில்லை. நான் சேர்த்தது."

அவர் முகம் தாயின் முகம் போலவே ஆகியது. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கேவலமாக எப்போதும் இருந்ததில்லை. அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியென்றால் அந்த அறையில் ஒருவருமே அழவில்லையா?"

இதை நான் என் மனைவிக்கும் சொன்னதில்லை. ஷவர் என்னை நனைத்தது அன்றைக்கு எவ்வளவு வசதியாய்ப் போயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தொட்டிக்குக் கீழே கிடந்து, வாயில் கையை வைத்து அடக்கியும் முடியாமல், விக்கி விக்கி அழுதேன். அம்மாவின் காதுக்காக அழுதேன். எவனோ ஒருவன் நூறு பனை உயரத்திலிருந்து இறங்கி வந்து ஒருநாள் மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்த விசரனுக்காக அழுதேன். எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். கிழவர் அதைக் கேட்டுக்கொண்டு மேலே இருந்தார்.

"அழுதது உண்மை" என்றேன். "குழந்தை போல அழுததும், ஊரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுததும் உண்மை."

"யார்?"

"நான்."

உர்சுலா மேடைக்கு வந்தார். அடிப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், அடித்திருந்தால் நியாயம்தான். அவர் தாளை என் முன்னால் விரித்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தந்தார்.

"திருத்துங்கள்" என்றார்.

'ஹெர் லோறன்' என்பதன் மேல் ஒரேயொரு கோடு போட்டேன், வாசிக்கக்கூடியதாக. மேலே என் பெயரை எழுதினேன். 'தாம் எரித்த நகரங்களை' என்பதிலும் கோடு. 'எரிந்த ஊரை' என்று மேலே எழுதினேன். பக்கத்தில் முதலெழுத்து, தேதி. உர்சுலா நின்றபடியே வாசித்தார். பிறகு பழைய மடிப்புகளிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

பூங்காவின் பெயர்ப்பலகையைப் பச்சைத் துணியால் மூடியிருக்கிறார்கள், சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. தர்சினி கேட்ட, இளையவர்களுக்குப் பயன்படும் செய்தி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சிஸ்டர் றூத்தினுடையது. அந்தத் தாளில் நாள் சரி, அறை சரி, அழுகையும் சரி. தலையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.